மேட்ரனின் முழங்கால்கள்

மேட்ரன் ஆன முதல் வாரத்திலேயே அவள் போட நினைத்த உத்தரவு ஒரே வரி. மருந்து எடுத்து வைக்கும்போது யார் உள்ளே வந்தாலும் நர்ஸ் எழுந்து நிற்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிக் கூரையைப் பிரித்துப் போடுகிறேன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு அமளி ஆகியிருக்காது. டாக்டர் வந்தால் நர்ஸ் எழுந்திருப்பாள். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

போன மாதம் ‘பட்டாசு’ என்று வார்டே கூப்பிடும் சின்ன நர்ஸ், பன்னிரண்டு பேருக்கான மாத்திரைகளைக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் பெரிய டாக்டர் நுழைந்தார். எழுந்தாள், வணக்கம் சொன்னாள், உட்கார்ந்தாள், போட்ட கிண்ணத்திலேயே மறுபடியும் போட்டாள். பிரஷர் மாத்திரை இரட்டிப்பாகப் போன ஓய்வுபெற்ற தபால்காரர் கழிப்பறை வாசலில் சுருண்டு விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். வணக்கம் டாக்டருக்குப் போனது, மெமோ பட்டாசுக்கு வந்தது. மெமோ இருக்கும்வரை வேலை நிரந்தரம் ஆகாது. அன்றிலிருந்து பட்டாசு நமுத்துப் போய்க் கிடந்தாள்.

உத்தரவும் மெமோவும் வெள்ளிக்கிழமைக் கமிட்டிக்கு வர இருந்தன. ஒன்பது பேரில் எட்டுப் பேர் டாக்டர்கள், தலைவர் பெரிய டாக்டர்.

“அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது” என்றாள் பட்டாசு. “பெரிய டாக்டர் எப்பவும் லேட்டாத்தான் வருவார். எல்லாரும் எழுந்திருக்கணும்னே வருவார். அவர் வந்ததும் நீங்கதான் முதல்ல எழுந்திருப்பீங்க.”

“போடி. நான் மேட்ரன்.”

“நீங்க மேட்ரன். உங்க முழங்காலு இன்னும் ஸ்டாஃப் நர்ஸ்தானே?”

இருபத்து நாலு வருஷம். பத்தொன்பது வயதில் மலச்சட்டி கழுவ வந்தவள், டியூட்டி முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துப் பட்டம் வாங்கினாள். அவள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் அவள்தான். அத்தனையும் மாறியிருந்தது, முழங்காலைத் தவிர.

வீட்டில் ஒத்திகை நடந்தது. பஸ் டிரைவரான புருஷன், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு டாக்டர் மாதிரி விறைப்பாக உள்ளே வந்தான். அவள் அசையவில்லை. வெளியே போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி வந்தான். அசையவில்லை.

“பாத்தீங்களா? ஜெயிச்சுட்டேன்.”

“அடி போடி, எனக்கு நீ என்னைக்கு எழுந்திருச்சிருக்கே? இதெல்லாம் ஒரு ஒத்திகையா?”

வெள்ளிக்கிழமை, கமிட்டி அறை. நீள மேஜை, குளிர்ந்துபோன டீ. பெரிய டாக்டரின் நாற்காலி காலி. சரி, ஆரம்பியுங்கள் என்றார்கள். ஒரு வருஷத்தில் மருந்து எண்ணும்போது நடந்த பதினோரு தவறுகளை அவள் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள். தேதி, வார்டு, யார் உள்ளே வந்தார் என்று வரி வரியாக.

கதவு திறந்தது. பெரிய டாக்டர்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மேஜை முழுக்கச் சிரிப்பு. தோல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “மேடம், உங்க உத்தரவு உங்களுக்கே செல்லுபடி ஆகல போலிருக்கே!”

காது மடல் எரிந்தது. தன் காலையே ரெண்டு போடலாம் போலிருந்தது. உட்கார்ந்து தாளைப் பார்த்துப் படித்தாள்.

“மேடம்,” என்றார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த கிளார்க், “அதை முன்னாடியே படிச்சிட்டீங்க.”

நிமிர்ந்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

“எத்தனை வரைக்கும் படிச்சேன்?”

“நாலு” என்றார் தோல் டாக்டர்.

“ஆறுன்னு நினைக்கிறேன்” என்றார் கண் டாக்டர்.

“எனக்கும் தெரியல. இது தாளு. ரெண்டு தடவை படிச்சா யாரும் மயங்கி விழப்போறதில்ல. இதே மாத்திரைக் கிண்ணமா இருந்தா, இப்ப எனக்கு மெமோ கொடுத்திருப்பீங்க. டாக்டர் ஆபரேஷன் பண்ணும்போது நான் உள்ளே வந்தா கத்தியைக் கீழே வெச்சுட்டு எனக்கு வணக்கம் சொல்வாரா? சொல்லவும் வேண்டாம். தையலைப் பாத்துப் போட்டாப் போதும்.”

சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. கண் டாக்டர் முதலில் கையைத் தூக்கினார். பிறகு இன்னும் நாலு கை. தோல் டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “சரி, உத்தரவு போட்டுக்கோங்க. கூட்டம் முடிஞ்சுது” என்று எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

“முடிஞ்சுதும்மா.”

“மெமோ இருக்கே டாக்டர்.”

“அது வேற விஷயம். அப்புறம் பாக்கலாம்.”

“அதே விஷயம்தான். ரத்துன்னு கையெழுத்துப் போடுங்க, எழுந்திருக்கிறேன். அவசரம் இல்ல, எனக்கு இன்னைக்கு வேற வேலை கிடையாது.”

கிளார்க் சத்தம் காட்டாமல் ஃபைலை நகர்த்தி, பேனா மூடியையும் கழற்றி வைத்தார். முழங்கால் இரண்டும் எழுந்துவிடத் துடித்தன. மேஜைக்கு அடியில் இரண்டு கையாலும் அவற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டார்.