ராஜகிரியில் ஏறிய சர்க்கரை

எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில், நூற்று அறுபத்திரண்டு என்று நான் சொன்னதும், வெற்றிவேல் சர்க்கரை பார்க்கும் மிஷினை முறைத்தார்.

"மிஷின்லதான் கோளாறு, சிஸ்டர். நேத்து மத்தியானத்துலேர்ந்து தண்ணியத் தவிர எதுவும் உள்ள போவல. டேங்க் காலி. மீட்டர் மட்டும் எப்பிடி ஏறுது?"

அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பதைத் தாண்டினால் வேன் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும். நாளை காலை பத்து மணிக்குள் பள்ளிக்கு ரிப்போர்ட் வேண்டுமாம்.

"பட்டினி மட்டுமா கெடந்தாரு?" என்றார் மனைவி கவிதா. "இன்னிக்கு ஒம்போது மணிக்குக் கோட்டைக் கதவு தொறந்ததும் ராஜகிரி மல மேல ஏறிட்டாரு. எறங்கறப்ப கொரங்கு தொரத்துச்சு. அதுக்கும் பயந்து ஓடிட்டு நேரா இங்க வராரு."

"கொறையட்டும்னுதான்டி ஏறுனேன்!"

விளக்கிச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் ஒரு கல்லீரல் செல்லை வரைந்தேன். சாப்பிட்டவரின் செல், மூட்டை அடுக்கிய குடோன் மாதிரி; உள்ளே சர்க்கரை இருப்பு மணி மணியாக நிறைந்திருக்கும். பட்டினி கிடந்தால் மணிகள் கரையும், செல்லே சற்றுச் சுருங்கும், அதுவரை மறைந்திருந்த சவ்வு மடிப்புகள் வெளியே தெரியும். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் இங்கே மேஸ்திரி. மலை, குரங்கு, சாவி என்று பயம் வந்தால் அதன் ஒரு ஹார்மோன், "இருக்கிற மூட்டையைப் பிரி" என்னும். இன்னொன்று, "தசையைக் கரைத்தாவது புதுச் சர்க்கரை செய்" என்னும்.

"அப்ப என் ஈரலே எனக்குத் துரோகம் பண்ணுதா?"

"இல்லண்ணே, உங்களக் காப்பாத்துது. ராத்திரி இட்லி சாப்டுட்டுத் தூங்குங்க. காலையில ஏழு மணிக்கு வெறும் வயித்தோட வாங்க. டென்ஷன் மட்டும் ஆவாதீங்க."

மறுநாள் ஏழு மணிக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தூங்குனீங்களா?"

"எங்க?" என்றார் கவிதா. "டென்ஷன் ஆவக்கூடாது, டென்ஷன் ஆவக்கூடாதுன்னு விடிய விடிய சொல்லிக்கினே இருந்தாரு."

அவரை மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தேன். கழுத்து நரம்பு துள்ளிக்கொண்டிருந்தது. இப்போது குத்தினால் பயத்தில் ஏறிய சர்க்கரைதான் வரும் என்று, ஊசியைக் கையில் எடுத்த நான் நிறுத்திவிட்டேன். பெஞ்சில் ஏழு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

"அவுரு அடங்கட்டும்மா, நாங்க இருக்கறோம்" என்றார் தளவானூரிலிருந்து வந்திருந்த முருகையன்.

வெற்றிவேல் கண்களை மூடிக்கொண்டு விரலை மட்டும் நீட்டினார். அந்தத் துள்ளல் எப்போது அடங்கும் என்று ஏழு பேரும் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.