ஏலப்பூப் படம் விரிந்த வருடம்

போடிநாயக்கனூரில் சாக்குக் கடை வைத்திருக்கும் முத்துக்கண்ணன் எடுத்த ஏலப்பூப் படம் ஒன்று, எடுத்து ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து, ஒரு சித்திரை மாதத்தில் இரண்டு பக்கமும் அகலமாக ஆரம்பித்தது. ஊரில் அப்போது பேச்சு இதைப் பற்றி இல்லை. முந்தின நாள் ஏலத்தில் ஏலக்காய் விலை இறங்கியிருந்தது, எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். படம் அகலமாவதை முதலில் கண்டவர் ஃப்ளெக்ஸ் கடை ஜெகதீஷ். ஒரு வியாபாரி காலண்டர் அடிக்கச் சொல்லியிருந்தார், அதற்காக இரவல் வாங்கி வைத்திருந்த படம் அது. "அண்ணே, நீங்க குடுத்த படம் பேப்பர்ல அடங்க மாட்டேங்குது. போன வாரம் பூ மட்டும்தான இருந்துச்சு, இப்பப் பக்கத்துச் செடியும் வந்து நிக்குது" என்று போனில் சொன்னார். முத்துக்கண்ணன் சரி என்றார். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் அவர் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சந்திரவல்லி இறந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கேமரா அவர் வீட்டுக்கு வந்த கதையில் விசேஷம் ஒன்றும் இல்லை. சென்னையில் இருந்த அக்கா மகன் புதுசு வாங்கிக்கொண்டு பழைய டிஜிட்டல் கேமராவை மாமா தலையில் கட்டிவிட்டான். ஒரு மாதம் அது பீரோவில் சேலைகளுக்கு நடுவே கிடந்தது. பிறகு ஒரு நாள் கடை வாசலில் காய்ந்துகொண்டிருந்த சாக்கைச் சும்மா ஒரு படம் எடுத்தார். சணல் நூலில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாய்த் தெரிந்தது. இருபது வருடமாய்ச் சாக்கு விற்கிற மனிதர் அன்றைக்குத்தான் சாக்கைப் பார்த்தார். அதோடு ஆள் கெட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பிடும்போது போனில் வீடியோ பார்த்து வெளிச்சம், வேகம், ஃபோகஸ் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. விடிந்ததும் பிரின்ஸ் ஓட்டும் ஜீப்பில் ஏறி, தோட்டத்து வேலைக்குப் போகிற சனத்தோடு சனமாய் நெருக்கிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே போய்விடுவார். மூடுபனி, மூடுபனிக்குள் ஒரு மரம், மரத்தில் ஒரு பறவை, பறவை பறந்துபோன கிளை, எல்லாவற்றையும் எடுத்தார். காசுக்கு எடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளத்துத் தோட்டங்களில் அவருக்கு போட்டோ சேட்டன் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

சந்திரவல்லி கூடவே போனார். புருஷன் சக்கரைக்காரர், மாத்திரையை மறந்துவிடுவார் என்று முதலில் போனவர், பிறகு குடை பிடிக்கப் போனார். மலையில் சாரல் எந்த நேரம் வரும் என்று சொல்ல முடியாது. கேமரா நனைந்தால் கதை முடிந்தது. எனவே குடை கேமராவுக்கு. அதுபோக இடுப்பில் ஒரு பொட்டலம் உப்பு. ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் உச்சியில் பூக்காது. அடித்தூரிலிருந்து தரையோடு தரையாய் ஓடுகிற சரத்தில்தான் பூக்கும், வெள்ளையில் ஊதா வரி வரியாய். அதை எடுக்க வேண்டுமென்றால் ஈரச் சருகில் குப்புறப் படுக்க வேண்டும். படுத்தால் அட்டை ஏறும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவைப் பார்த்துக் கிடக்க, சந்திரவல்லி ஒரு கையில் குடையும் மறு கையில் உப்புமாய் அவர் கெண்டைக்காலில் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டிருப்பார். "கொஞ்சம் தள்ளு, ஃப்ரேம்ல விழுற" என்பார் முத்துக்கண்ணன். "தள்ளு, நெழலு விழுது." அந்தம்மா தள்ளிக்கொள்வார். கோபித்துக்கொண்டதாய் யாரும் பார்த்ததில்லை.

இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம் தள்ளித் தள்ளி அது சந்திரவல்லிக்கு ஊறிப்போய்விட்டது. எங்கே யார் கேமராவைத் தூக்கினாலும், போனைத் தூக்கினாலும், கால் தானாக ஓர் எட்டு விலகிவிடும். மகள் பானுப்பிரியா கல்யாணத்தில் எடுத்த அத்தனை படத்திலும் சந்திரவல்லி இருந்த இடம் இருக்கிறது, சந்திரவல்லி இல்லை. ஒன்றில் முந்தானை நுனி, இன்னொன்றில் யாருடைய கொண்டைக்கோ பின்னால் ஒரு காது. அவர்களுடைய சொந்தக் கல்யாணப் படத்தைக் கரையான் எப்போதோ தின்றுவிட்டது. உயிரோடு ஆள் எதிரே நடமாடிக்கொண்டிருந்ததால் இது எவருக்கும் ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மாசி மாதத்தில் ஒரு நாள் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, விசில் வரட்டும் என்று உட்கார்ந்த சந்திரவல்லி எழுந்திருக்கவில்லை. விசில் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது என்று பக்கத்து வீட்டு மூக்கம்மாள் சொன்னார். கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குப் படம் கேட்டு ஜெகதீஷ் ஆள் அனுப்பியபோதுதான் வீட்டில் தேடினார்கள். பூ இருந்தது, புழு இருந்தது, குரங்கணியில் விழுகிற அருவி இருந்தது, பிரின்ஸின் ஜீப்பே நூறு கோணத்தில் இருந்தது. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கித் தெருமுனையில் கட்டினார்கள். துட்டிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு, இது வேறு யார் வீட்டு எழவோ என்று அடுத்த தெருவுக்குப் போய் விசாரித்துத் திரும்பி வந்தார்கள். பதினாறாம் நாள் படத்திறப்பு வைக்க வேண்டும். அந்த ஆதார் படத்துக்கு மாலை போட பானுப்பிரியா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஊர்ல இருக்க பூவையெல்லாம் எடுத்தீகளே, எங்கம்மாள ஒரு படம் எடுத்தீகளாப்பா?" என்று சாமியானாவுக்குக் கீழே எல்லோர் முன்னாலும் கேட்டாள். முத்துக்கண்ணன் சரி என்றார். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை என்பது அவருக்கே தெரியவில்லை. படத்திறப்பை முதல் வருட தெவசத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு அவள் திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

முத்துக்கண்ணன் அழவில்லை. அழாததை ஊர் ஒரு மாதிரி பேசியது, அவருக்கு அது காதில் விழுந்தது, வலிக்கவில்லை. எதுவுமே வலிக்கவில்லை என்பதுதான் உண்மை. கொதிக்கிற டீ கிளாஸை வெறுங்கையில் வாங்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதில் விரல் நுனி வெந்துபோனது. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுப் பிடுங்கினார். கோணி ஊசி உள்ளங்கையில் ஏறி நின்றதை ஒரு கஸ்டமர் காட்டிக் கொடுத்தார். டாக்டர் சக்கரையால் வந்த மரப்பு என்று மாத்திரை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை பழக்க தோஷத்தில் மலைக்குப் போனார், படம் எடுத்தார், எடுத்ததைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவரை அரித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான், அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சந்திரவல்லியின் முகம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. புடவை ஞாபகம் வந்தது, வளையல் ஞாபகம் வந்தது, குடையின் ஒடிந்த கம்பிகூட வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆதார் அட்டைப் பொம்பளை வந்து உட்கார்ந்துகொண்டாள்.

படம் இதற்கிடையில் தன்பாட்டுக்கு விரிந்துகொண்டிருந்தது. வைகாசியில் பூவுக்கு வலது பக்கம் நான்கு செடியும் ஓர் எல்லைக்கல்லும் வந்தன. அந்தக் கல்லை யார் நகர்த்தினார்கள் என்று இரண்டு தோட்டக்காரர்களுக்குள் வழக்கு இருந்ததால், இருவரும் ஜெகதீஷ் கடைக்கு வந்து பார்த்து, ஆளுக்கொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார்கள். ஆடியில் இடது பக்கம் ரோடும் ஜீப்பும் வந்தன. ஜீப்பில் சாய்ந்தபடி பிரின்ஸ் சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். படம் எடுத்ததற்கு முந்தின கிறிஸ்துமஸோடு சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்த மனுஷன். அவர் மனைவி ரெபேக்காள் கடைக்கே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார், வீட்டில் போய்ப் பேசினார். மற்ற படங்கள் எதுவும் ஓர் அங்குலம் அசையவில்லை. கம்ப்யூட்டரைக் கழற்றித் துடைத்துப் பார்த்த ஜெகதீஷ், தாளைத் தவிர தனக்கு வேறு செலவில்லை என்று விட்டுவிட்டார்.

பிரின்ஸின் சிகரெட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் முத்துக்கண்ணனுக்கு உறைத்தது. எடுக்கும்போது ஜீப் அவருக்குப் பக்கவாட்டில் நின்றது. பக்கவாட்டில் நின்றதே வந்துவிட்டதென்றால், பின்னால் இருந்ததும் ஒரு நாள் வந்தாக வேண்டும். இரண்டு ஓரமும் அவர் முதுகுப்பக்கம் சுற்றி வந்து சேருகிற இடத்தில் சந்திரவல்லி உட்கார்ந்திருக்கிறார், கையில் குடையோடு. தெவசத்துக்கு முன்னால் சேர்ந்துவிட்டால் மகள் கேட்ட படம் கிடைத்துவிடும். அவருக்கு அந்த முகம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு தினமும் கடை திறக்கும் முன்னால் ஜெகதீஷ் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். நாளுக்கு ஒரு நெல் அகலம் நகர்ந்தது. சில நாள் அதுவும் இல்லை. ஐப்பசி மழையில் கரண்ட் இல்லாத வாரத்தில்கூட அது நகர்ந்திருந்தது. தை மாதம் முழுக்க ரெண்டு ஓரத்திலும் வெறும் செடியும் சருகும்தான் வந்தன. "வெரசா வாத்தா" என்று ஒரு நாள் திரையைப் பார்த்துச் சொன்னார். யாரைச் சொல்கிறார் என்று ஜெகதீஷ் கேட்கவில்லை.

தெவசத்துக்கு முதல் நாள் காலையில் பானுப்பிரியா வந்தாள். வீட்டில் பையை வைத்துவிட்டு, அப்பா இல்லாததால் விசாரித்துக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்கே வந்து வாசலில் நின்றாள். "படம் இருக்கா, இல்ல இந்த வருசமும் தள்ளி வச்சிரவா?" என்றாள். முத்துக்கண்ணன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார், அவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு இரண்டு ஓரமும் சேர்ந்திருந்தன. பூவிலிருந்து புறப்பட்டு ரோடு, ஜீப், எல்லைக்கல், செடி என்று ஒரு முழு வட்டம் சுற்றி வந்த படத்தில், சேருகிற இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு முகம் இருந்தது. ஒரு கண்ணை மூடி, நாக்கின் நுனியைப் பல்லில் கடித்து, கேமராவில் கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்த முத்துக்கண்ணனின் முகம். எதிரே இருக்கிற பூவைத் தவிர வேறெதையும் பார்க்காத முகம். அதற்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் குடையின் ஒடிந்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

வெளியே பெரியகுளம் பஸ் ஹாரன் அடித்தது. பானுப்பிரியா எழுந்துவிட்டாள். "அங்கயும் நீங்கதானாப்பா" என்றாள். முத்துக்கண்ணன் திரைக்குக் கிட்டே குனிந்து, படத்தில் இருந்தவரிடம், அத்தனை வருடமும் சொன்ன அதே குரலில், "கொஞ்சம் தள்ளு" என்றார். படத்தில் இருந்தவர் முதலில் கேட்காததுபோல் இருந்தார். "தள்ளுய்யா, பின்னால ஆளு இருக்கு, மறைக்கிற" என்றார் முத்துக்கண்ணன். படத்தில் இருந்தவர் மூடிய கண்ணைத் திறந்தார், கேமராவிலிருந்து கன்னத்தை எடுத்தார், ஒருக்களித்து ஓர் ஓரமாய் நகர்ந்துகொண்டார். சருகு நசுங்கிய தடம்கூடத் தெரிந்தது.

சந்திரவல்லி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குடை முழுக்கக் கேமராப் பக்கம் சாய்ந்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் நெற்றியில் இறங்கி மூக்குத்தியில் ஒரு சொட்டாய் நின்றது. ஒரு விரலில் உப்பைத் தொட்டு அவர் கெண்டைக்காலில் வைத்துக்கொண்டு, அகப்பட்டாயா என்கிற மாதிரி அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மேல் உதட்டில் இருந்த சின்ன மச்சம் ஆதார் அட்டையில் விழவில்லை, இதில் இருந்தது. "அம்மா நனைஞ்சுக்கிட்டே இருக்குப்பா" என்றாள் பானுப்பிரியா. முத்துக்கண்ணன் சரி என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது அவருக்கு இடது கெண்டைக்கால் அரித்தது. வேட்டியைத் தூக்கிப் பார்த்தார், அட்டை எதுவும் இல்லை, அது என்றைக்கோ கடித்த இடம். சொரிந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு உடம்பில் ஒன்று உறைத்தது. சொரியச் சொரிய அரிப்பு கூடியது, அவர் சொரிந்துகொண்டே ஸ்டூலில் உட்கார்ந்து, கடைக்கு வந்தவர்கள் நின்று பார்க்கும்படி ஓவென்று அழுதார். பானுப்பிரியா முதலில் ஜெகதீஷிடம் தண்ணீர் கொண்டாங்க என்றாள். பிறகு தானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் படத்திறப்பு நடந்தது. இப்போதுதான் ஆளைப் போல் இருக்கிறது என்று மூக்கம்மாள் உட்பட எல்லோரும் சொன்னார்கள். பிரின்ஸ் சிகரெட் இல்லாமல் வந்திருந்தார். பிரிண்ட் போடும்போது ஜெகதீஷ், "அண்ணே, ஓரத்துல உங்க தோள்பட்டை பாதி நிக்குது, வெட்டிரவா?" என்று கேட்டிருந்தார். வெட்டச் சொல்லிவிட்டார் முத்துக்கண்ணன். அந்த அம்மா மட்டும் இருந்த படத்தைச் சட்டம் போட்டு, சந்தனம் வைத்து, முன்னறைச் சுவரில் மாட்டினார்கள். பங்குனி பிறந்தபோது சட்டத்துக்குள் ஓர் ஓரமாய் அவருடைய தோள்பட்டை திரும்ப வந்திருந்தது. சித்திரையில் காது வந்தது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் அகலமாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள்; இனி வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும் என்று ஆசாரி அதற்கேற்ப ஆணியைத் தள்ளியே அடித்துவிட்டுப் போனார்.