இருமல் இல்லாத பிள்ளை

ஊரெல்லாம் புதுக் காய்ச்சல். பள்ளிக்கூடங்களை இழுத்து மூடிவிட்டார்கள். மோட்டார் மெக்கானிக்கின் வீட்டில் எல்லார் கண்ணும் மூத்தவன் மேல்தான். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே அவனுக்கு மூச்சிழுப்பு. அவன் தும்மினால்கூட அம்மாக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள்.

இளையவளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே தசைகளில் வலுவில்லை, சக்கர நாற்காலிதான். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் ஆட்டிப் படைப்பதால் வீட்டில் அவள் பெயர் மேனேஜரம்மா.

மெக்கானிக்குக்குக் காதுதான் எல்லாம். வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே பேரிங் போச்சா, பெல்ட் தளர்ந்ததா என்று சொல்லிவிடுவார். சத்தம் போடாத வண்டியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டது. மூத்தவன் இருமின இருமலில் வீடே அதிர்ந்தது. இளையவள் சுருண்டு படுத்திருந்தாள்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுங்க," என்றாள் மனைவி.

"அந்தக் கூட்டத்துல நாற்காலியை எங்க தள்ளுறது? இவளுக்கு இருமல்கூட இல்ல. கால்தானே பிரச்சினை? நெஞ்சு நல்லாத்தான் இருக்கு."

"எனக்கென்னவோ மனசு சரியில்லைங்க."

"உனக்கு என்னைக்கு மனசு சரியா இருந்துச்சு?"

கிளினிக்கில் வரிசை தெருவரை நின்றது. தூங்கிப் பல நாளான கண்களோடு டாக்டர் மூத்தவனைப் பார்த்து, மாத்திரை எழுதினார்.

"இழுப்பு இருக்கிற பிள்ளை. இதை இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க. வீட்ல வேற யாருக்காவது?"

"சின்னவளுக்கு லேசா காய்ச்சல் சார். இருமல் கிடையாது."

"அவளுக்கு வேற ஏதாவது நோய் இருக்கா?"

"இல்ல சார்," என்றார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் கணக்கில் கால் வேறு, காய்ச்சல் வேறு.

மறுநாள் மூத்தவன் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றான். அப்பாடா என்றிருந்தது. இளையவள் எதுவும் கேட்கவில்லை. "அசந்து தூங்குது, எழுப்பாதே," என்றார் மெக்கானிக். மதியம் அம்மா தண்ணீர் புகட்டப் போனாள். தண்ணீர் கடைவாய் வழியே வழிந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் போட்ட கூச்சலில் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் ஒருவர் பிள்ளையின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.

"ஏன் இவ்வளவு லேட்டா கொண்டு வந்தீங்க?"

"இருமவே இல்லையேம்மா!"

"இருமறதுக்கும் தசைதானே வேணும்? சளி உள்ளேயே கட்டிக்கிட்டிருக்கு. வெளிய தள்ள இவளுக்குத் தெம்பில்ல. இந்த மாதிரிப் பிள்ளைங்களைத்தான் இந்தக் காய்ச்சல் ரொம்ப மோசமாப் படுத்தும். முதல் நாளே வந்திருக்கணும்."

அவருக்குக் கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"பிழைச்சிடுவாளா?"

"இப்பச் சொல்ல முடியாதுங்க."

வார்டு நிரம்பி வழிந்தது, நர்ஸுகள் போதவில்லை. அதனால் பெற்றவர்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்தார்கள். நர்ஸ் பிள்ளையின் மூச்சு முகமூடியைக் கழற்றிவிட்டு, அவர் கைகளை எடுத்து மகளின் விலாவுக்குக் கீழே வைத்தாள்.

"அவ இருமப் பார்க்கும்போது சட்டுனு அழுத்துங்க. அவளால முடியாததை நீங்கதான் செய்யணும்."

"வலிக்குமே?"

"வலிக்கும்."

துருப்பிடித்த போல்ட்டையெல்லாம் திருகிக் கழற்றுகிற கைகள், இப்போது பட்டும் படாமல் இருந்தன. அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினார். தொண்டைக்குள் கரகரவென்று ஏதோ நகர்ந்தது. நர்ஸ் குழாய் விட்டு உறிஞ்சினாள். மகள் கண்ணைத் திறந்தாள். வலி தாங்காமல் அழுதாள். அந்த அழுகைக்கும் சத்தமில்லை.

"வேணாம்ப்பா," என்று உதடு அசைந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் நர்ஸ்.

அவர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் அழுத்தினார்.