பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

வாசலில் வேன் நின்றது. அண்ணனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். தலையணை முதல் துடைப்பம் வரை ஏற்றி முடித்துவிட்டான். பாக்கி ஒரே ஒரு கறுப்புப் பெட்டி. செருப்பு டப்பா அளவுதான் இருக்கும், உள்ளே முழுக்க ஹார்ட் டிஸ்க். அதற்குள்தான் அண்ணியின் முதல் படம் இருந்தது, பேருந்து ஓட்டும் பெண்களைப் பற்றியது. இன்னொரு நகல் எடுத்து வையுங்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். கேட்டால்தானே.

மாடியிலிருக்கும் எங்கள் எடிட்டிங் அறைகளில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் அந்தப் பெட்டியை நெட்வொர்க் வழியாகத் தங்கள் சொந்த டிஸ்க் போல மாட்டிவைத்திருக்கும். அணைப்பதற்கு முன் மூன்றிலும் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் பிடுங்கினால் பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நின்றுவிடும். படம் அம்பேல். இந்த வேலையெல்லாம் என் தலையில்தான்.

என்னுடையதில் கழன்றது. அண்ணியுடையதிலும் கழன்றது. ஒலி கலக்கும் அறையில் இருந்தது மட்டும், "உபயோகத்தில் உள்ளது" என்று ஒரே பிடிவாதம் பிடித்தது.

அது இரைச்சலின் கம்ப்யூட்டர். எங்கள் ஒலிக்காரன். மூச்சு விட்டாலும் "இரைச்சல், இரைச்சல்" என்று எல்லோரையும் அடக்குவதால் அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

"எல்லாத்தையும் மூடிட்டேன்க்கா," என்றான்.

பெட்டியைப் பிடித்திருப்பது யார் என்று கம்ப்யூட்டரையே கேட்டேன். முதல் வரியிலேயே அவனுடைய பிளேயர் என்றது, அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. ஒரு ஒலிக் கோப்பைத் திறந்துவைத்திருந்தது.

"அது ஓடலையேக்கா, நிறுத்தித்தானே வெச்சிருக்கேன்."

"வாசல்ல கதவைப் பிடிச்சுட்டு நின்னு பேசுவாங்களே, அந்த மாதிரி. உள்ளயும் வர மாட்டாங்க, வெளியயும் போக மாட்டாங்க. கதவை எப்படிப்பா சாத்துறது?"

மூடினான். மறுபடி முயன்றேன். மறுபடியும் உபயோகத்தில் உள்ளதாம். எனக்கு வந்ததே கோபம். பிறந்ததிலிருந்து அவன் மூடாமல் விட்ட அத்தனையையும் எடுத்துச் சொன்னேன். குழாய், பால்பாயின்ட் பேனா, ஒன்று விடவில்லை. கீழே அண்ணன் ஹாரன் அடித்தான்.

அண்ணி மேலே வந்தாள். "பேசாம பிடுங்கிடலாமா?"

"வருஷக்கணக்கா உழைச்சிட்டு, பிடுங்குறாங்களாம்."

"வேற வழியே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரே சோம்பேறிக் கழற்றல். பார்வைக்குப் போயிட்ட மாதிரி இருக்கும். உள்ள பிடிச்சவங்க பிடிச்சுட்டேதான் இருப்பாங்க. உங்க படத்துக்கு அது வேண்டாம் அண்ணி."

"அக்கா," என்று இரைச்சல் மெதுவாகச் சொன்னான், "யாருன்னு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஏதோ ஒரு சாளரம், எந்த வேலையும் செய்யாமல், அண்ணியின் படம் இருந்த ஃபோல்டருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உரிமையாளர் பெயர். என் பெயர்.

காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் என் கம்ப்யூட்டரில் இருந்தபடியே நெட்வொர்க் வழியாக இரைச்சலின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து அந்த ஃபோல்டருக்குப் போயிருந்தேன். கோப்புகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள், "நாத்தனார் கத்தல்" என்ற பெயரில் நின்றேன். ஒருநாள் ஒலிப்பதிவு நடுவே நான் வெளியே கத்தி, ஒரு டேக்கையே கெடுத்தேன். அதைக்கூட அழிக்காமல் பெயர் வைத்துச் சேர்த்திருக்கிறாள் அண்ணி. எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சாளரத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன்.

"யாரு?" என்றாள் அண்ணி.

"நான்தான்."

இரைச்சல் வெளியே போனான். அவனிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

"உள்ள உனக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் அண்ணி.

"ஒரு வேலையும் இல்ல. சும்மா நின்னுட்டிருந்தேன். நீங்க போறது எனக்குப் பிடிக்கல அண்ணி."

அண்ணி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்னொரு ஹாரன் வரும்வரை அப்படியே நின்றோம்.

"அந்தக் கத்தலை ஏன் அழிக்கல?"

"எதுக்கு அழிக்கணும்? அங்க என்னை யாரு திட்டுவா?"

சாளரத்தை மூடினேன். பெட்டி உடனே கழன்றது. அணைத்து, துண்டில் சுற்றி, நானே கீழே கொண்டுபோய் அண்ணியின் மடியில் வைத்தேன். வேன் கிளம்பியதும் அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"ஏய், நான் அந்தச் சோம்பேறி வழியிலதான் போறேன்."

"இத்தனை மூட்டையும் நான்தான் தூக்கினேன். சோம்பேறியாம்ல?" என்றான் அண்ணன், ஒன்றும் புரியாமல்.

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடா," என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன்.