நகராத கோணல்

நூல் பிடிக்காமலே டைல்ஸ் வரிசையை நேராக வைப்பாள் என்பதால் வேலையிடத்தில் அவளுக்கு ‘நூலு’ என்று பெயர். வலது கண்ணின் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்ட பிறகு அந்தப் பெயரே கிண்டலாகிப் போனது. அந்தக் கண்ணுக்கு எந்த நேர்கோடும் நடுவில் நெளிந்துதான் தெரியும். மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே. மூன்று முடிந்துவிட்டன. இன்று நாலாவது.

வேலையிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரத்தில், மேஸ்திரியான அண்ணன், டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்த குளியலறையின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

“மூணு ஊசி போட்டு என்னத்தக் கிழிச்ச? பேசாம கலவை குழைக்கப் போ. டைல்ஸை நான் பாத்துக்கறேன்.”

“டாக்டரம்மா சொன்னது உன் காதுல ஏறலையா? இதுக்கு மேல மோசமாகாம இருக்கத்தான் ஊசி. நடுவுல விட்டா, போனது போனதுதான்.”

“சரி, நல்ல கண்ணைக் கட்டிக்கோ.” கைக்குட்டையை நீட்டினான். “காலையில நான் ஒட்டின சுவர் இது. எங்க கோணல்னு சொல்லு. சொல்லிட்டா இந்த வேலை உன்னோடது. இல்லைன்னா வாயை மூடிட்டுக் கலவை.”

கட்டிக்கொண்டாள். வெள்ளைச் சுவரில் எங்கே பார்த்தாலும் அங்கே கோடு தொப்பை போட்டது. அண்ணன் மூக்கால் சிரித்தான். அவள் அவசரப்படவில்லை. வாசலிலிருந்து குழாய்வரை, ஒவ்வொரு டைல்ஸாகப் பார்வையை நகர்த்தினாள். அழைக்காத விருந்தாளி மாதிரி அந்தத் தொப்பையும் கூடவே வந்தது. நாலாவது வரிசையில் மட்டும், அது கடந்து போன பிறகும், ஓரப் பார்வையில் ஒரு சரிவு அப்படியே நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தாள். அங்கேயேதான் இருந்தது. விரலை வைத்தாள்.

“இங்க.”

“அது உன் கண்ணு கோணல்டி.”

“என் கோணல் என் கூடவே நகரும், அண்ணே. இது நகரலை. இது உன்னோடது.”

அவன் ரசமட்டத்தை எடுத்து அந்த வரிசைமேல் வைத்தான். குமிழி கோட்டைத் தாண்டி ஒதுங்கியது. திருப்பி வைத்தான். மறுபடியும் அதே பக்கம்தான்.

“ஒரு நெல்லளவு. லேசாத் தட்டினா உக்காந்துடும்,” என்றான், கொத்துக்கரண்டியைக் கையில் எடுத்து, சுவரைப் பார்த்தபடி.

“தட்டாதே. வரிசையையே எடுத்துடு. ஊசி போட்டா ரெண்டு நாள் தூசியில நிக்கக் கூடாது. மூணாம் நாள் நானே வந்து வைக்கறேன்.”

அவன் கையிலிருந்த கொத்துக்கரண்டியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“தனியாவா போற? கண்ணைக் கட்டி அனுப்புவாங்களே.”

“அதான் இன்னொண்ணு இருக்கே,” என்று நல்ல கண்ணிலிருந்து கைக்குட்டையை அவிழ்த்துக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள்.