பத்தாம்பசலி

ஜனவரித் தாளின் புரூஃபைப் பார்த்துக்கொண்டிருந்த லட்சுமிகாந்தத்தின் சிவப்புப் பேனா, 'பசலி 1435' என்ற இடத்தில் நின்றுவிட்டது. சிவகாசியில் முப்பது வருடமாகக் காலண்டர் அச்சடிக்கிறார். அந்தச் சொல் தாளின் மூலையில் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாளும் என்னவென்று கேட்டதில்லை.

முந்தாநாள் தங்கை அழகுமீனா அந்தச் சொல்லைச் சேர்த்துத்தான் அவரை ஏசினாள். கணவன் இறந்த பதினான்கு வருடமாக அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு பைண்டிங் பிரிவைக் கவனிப்பவள். காரியாபட்டியில் வாத்தியாராக இருக்கும் தங்கப்பாண்டியனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவரும் மனைவியை இழந்தவர்.

"நாப்பத்தி மூணு வயசுல என்ன கல்யாணம்? ஊர்ல என்ன பேசுவாக?" என்றார் இவர்.

அவள் அழவில்லை. "நீங்க சரியான பத்தாம்பசலிண்ணே" என்றாள், பைண்டிங் பெண்கள் காதுபட. அன்றே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் போனதுகூட அவ்வளவாக உறுத்தவில்லை. அந்தச் சொல்தான் சோற்றுக்கல்லைப் போலப் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது.

புரூஃப் திருத்தும் சோலைமலை தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டார்.

"ஏண்ணே, பத்தாம்பசலின்னா என்ன?"

"பசலிங்கிறது வெள்ளாமை வருசம் மொதலாளி. அந்தக் காலத்துல தீர்வை வசூலிக்க வச்ச கணக்கு. இப்ப ஆயிரத்து நானூத்து முப்பத்தஞ்சு ஓடுது. இன்னும் பத்தாவதுலயே நிக்கிற ஆளத்தான் அப்படிச் சொல்லுதாக."

"நின்னா என்ன கெட்டுப்போச்சு?"

சோலைமலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் கெடாது. கூட இருந்தவுக போயிருப்பாக, அம்புட்டுத்தான்."

லட்சுமிகாந்தம் தாளில் கையெழுத்துப் போட்டு மிஷினுக்கு அனுப்பினார். மதியம்வரை பொறுத்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார்.

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை பத்தரைக்குண்ணே, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல. மனுக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு. சாட்சிக்கு ஒரு ஆளு கொறையுது."

தன்னிடம் சொல்வதற்கு முன்பே மனுக் கொடுத்திருக்கிறாள். அன்று அவள் அனுமதி கேட்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. போனை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, தீபாவளி லோடு ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் கார் ஊர்ந்து, அவர் காரியாபட்டி போய்ச் சேரப் பத்தே முக்கால் ஆகிவிட்டது. மனம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஊர் பேசப்போவது அப்போதும் காதில் கேட்டபடிதான் இருந்தது. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று உள்ளே பார்த்தார். அழகுமீனா பச்சைப் பட்டுடுத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரிக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.