ஐந்தாவது முகம்

இரண்டாவது முகத்தை ஏற்றியதும் முதல் முகம் காணாமல் போயிற்று. சேதுபதி கம்ப்யூட்டர் விளையாட்டை மூடிவிட்டு முதலாவதை மறுபடி ஏற்றினான். இப்போது இரண்டாவதைக் காணோம். அடுத்த முறை இரண்டும் சேர்ந்து வந்தன. ஒருவன் கழுத்தில் இன்னொருவன் தலை, சட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஊதா நிறம்.

"ஏலே, இது என்னலே, வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கு?" என்று பின்னால் நின்ற காதர் சிரித்தான்.

1999ஆம் வருடம் அது. இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேதுபதி இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறான். காலையில் மில் ஆபீசுக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு வகுப்பு. மதியம் விண்ணப்பம் அடிப்பதும் போட்டோ ஸ்கேன் செய்வதும். மூன்று மணிக்கு மேல் ஆள் வரத்து குறைந்தால் நான்கு மெஷினையும் வயரில் இணைத்துவிடுவான். காதரும் பால்பாண்டியும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். காதருக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். பால்பாண்டி மில்லில் எலெக்ட்ரீசியன். மீசை முளைத்து வருடங்களான பிறகும் சுடுவதில் அவ்வளவு ஆசை.

அந்த விளையாட்டில் வருகிற எதிரிகளுக்கெல்லாம் ஒரே முகம். காதர் சென்னைக்குப் போனபோது, யார் யாரோ செய்த புதுத் தோற்றங்கள் அடங்கிய ஒரு சிடியை வாங்கி வந்தான். போலீஸ்காரன், மொட்டைத்தலையன், கண்ணாடிக்காரன், தாடிக்காரன். தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் ஒழுங்காக வந்தது. சேர்த்தால் ஒன்றை ஒன்று அழித்தது.

பன்னிரண்டு நாள் சேதுபதிக்கு வேறு நினைப்பில்லை. சாப்பிடும்போதும் விரல் இலையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் விஷயம் சின்னது. அந்தத் தோற்றங்களைச் செய்த நாலு பேரும் தங்கள் ஃபைலுக்கு ஒரே பெயரை வைத்திருந்தார்கள். கடைசியாக ஏறியது முந்தியதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுத்து, விளையாட்டு முதலில் படிக்கிற பட்டியலில் அந்தப் பெயர்களை வரிசையாக எழுதினான். நாலு பேரும் நாலு முகத்தோடு திரையில் நடந்து வந்தார்கள். பால்பாண்டி எழுந்து நின்று கை தட்டினான். சேதுபதிக்கு இதற்கு முன் யாரும் கை தட்டியதில்லை.

"இனி நம்மளே ஒண்ணு செஞ்சு போடுவம்லே. பாத்தாப் பயப்படணும்" என்றான் காதர்.

புதிதாகச் செய்ய ஒரே ஆளின் நேர்முகமும் பக்கவாட்டு முகமும் வேண்டும். சேதுபதியின் மெஷினில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

ஞானதுரை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பேண்டேஜ் துணி வெளுக்கும் ஒரு பட்டறையில் ஸ்டீம் பைப் வெடித்து இடது பக்க முகம் வெந்துபோனது. கண் தப்பியது, காது உருகி ஒட்டிக்கொண்டது. ஊனமுற்றோர் சான்றிதழுக்கு விண்ணப்பம் அடிக்க ஒரு மாதம் முன்பு வந்திருந்தார். ஸ்டூடியோவில் எடுத்த இரண்டு போட்டோக்களைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தாளைப் பிரித்து, கவிழ்த்துத்தான் கொடுத்தார்.

"செத்த தெளிவா வரணும் தம்பி. மங்கலா இருந்தா ஆபீசுல திருப்பி விட்டுருதாக. இது ஆனபொறவு நான் எடுத்துக்கிட்ட போட்டோ இது ரெண்டுதான்."

அந்த இரண்டைத்தான் சேதுபதி திறந்தான். சும்மா போட்டுப் பார்ப்போம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். முகத்தை விளையாட்டு ஆளின் தலையில் சுற்றி ஒட்டினான். திரையில் தழும்பு சரியாகத் தெரியவில்லை என்று பட்டது. தூரிகையை எடுத்துச் சிவப்பைக் கூட்டினான். உதட்டோரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டான். பட்டியலில் ஐந்தாவது வரியை எழுதினான். ஐந்து பேரும் சண்டையில்லாமல் வந்தார்கள். வேலை அவ்வளவு சுத்தமாக அமைந்ததில் அவனுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம்.

காதர் அதற்கு வெந்தவன் என்று பெயர் வைத்தான்.

அடுத்த சனிக்கிழமை நாலு மணி இருக்கும். நாலு மெஷினிலும் ஆட்டம். படியில் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் ஞானதுரை நிற்கிறார், கூடவே அவர் மனைவி பரிபூரணம்.

"தம்பி, ஆபீசுல அந்தக் காயிதத்தத் தொலைச்சுட்டாகளாம். இன்னொரு தடவ எடுத்துத் தருவீயளா?"

சேதுபதி வாயைத் திறப்பதற்குள் பால்பாண்டி கத்தினான். "வெந்தவன் வாரான்லே! மூஞ்சியில அடி, மூஞ்சியில அடி!"

பரிபூரணம்தான் முதலில் பார்த்தாள். இரண்டடி நகர்ந்து, புருஷனுக்கும் திரைக்கும் நடுவில் நின்றுகொண்டாள். சின்ன உருவம், அவளால் மறைக்க முடியவில்லை. அவள் தோளுக்கு மேலே ஞானதுரை பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் அவர் விழுந்தார். இன்னொரு கதவு திறந்து மறுபடி வந்தார், மறுபடி விழுந்தார்.

"இப்ப எடுத்துருதேன் அண்ணாச்சி, இந்தா, இப்ப எடுத்துருதேன்." சேதுபதி காதரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தான். பட்டியலைத் திறந்து ஐந்தாவது வரியை அழிக்கப் போனவன், அவசரத்தில் மேலே இருந்த நாலு வரிகளையும் சேர்த்து அழித்துவிட்டான். அதைக் கவனிக்காமல், அந்த முகம் போய்விட்டதா என்று பார்க்க விளையாட்டைத் திறந்தான். பட்டியல் இல்லாவிட்டால் கடைசியாகச் சேர்த்த முகத்தையே அது எல்லோருக்கும் மாட்டிவிடும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. போலீஸ்காரன், மொட்டைத்தலையன், தாடிக்காரன், துப்பாக்கி பிடித்த நாயகன், எல்லோரும் ஞானதுரை. எல்லோர் உதடும் அவன் இழுத்துவிட்டபடி கீழே தொங்கியது.

சேதுபதி எட்டி நாலு மெஷினுக்குமான ஸ்விட்சை அணைத்தான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. காதர் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.

"தெளிவாத்தான் எடுத்திருக்கீய தம்பி" என்றார் ஞானதுரை.

"வாங்க, போவம்" என்று பரிபூரணம் அவர் முழங்கையைத் தொட்டாள். படியில் இறங்கும்போது அவள் முன்னால் போனாள். தெருவில் எதிரே வருகிறவர்களைத் தானே முதலில் பார்க்க வேண்டும் என்பதுபோல.

அன்றே விளையாட்டையும் ஐந்து முகங்களையும் அழித்தான். சிடியைக் காதரிடம் கொடுத்துவிட்டான். இரவு கண்ணை மூடினால், சிவப்பைக் கூட்டிய தன் விரல்தான் வந்தது. அந்த முகம் அப்படி இருந்ததேயில்லை. பயங்கரமாக ஆக்கியது அவன். இதை யாரிடம் சொல்வது? சொன்னாலும் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, விண்ணப்பத்தையும் போட்டோ பிரதிகளையும் ஒரு உறையில் வைத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினான். விண்ணப்பத்தில் இருந்த விலாசப்படி ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் வீடு. கதவைத் திறந்த பரிபூரணம் உறையை வாங்கிக்கொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி இருக்காகளா?"

"அவிய ரெண்டு நாளா வெளிய போகல." அவள் அவனை நேராகப் பார்த்தாள். "ஞாயித்துக்கெழம கோயிலுக்குங்கூட வரல."

"யாரு, கம்ப்யூட்டர் தம்பியா? உள்ள வரச் சொல்லு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஞானதுரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எழுந்து, சுவரோரம் சாய்த்திருந்த இரும்பு நாற்காலியை விரித்து, தன் வலப்பக்கம் போட்டார். "இந்தப் பக்கமா உக்காருங்க தம்பி. இங்கனதான் காத்து வரும்."

அங்கே காற்று வரவில்லை. உட்கார்ந்த பிறகுதான் சேதுபதிக்கு விளங்கியது. அங்கிருந்து பார்த்தால் வலப்பக்க முகம் மட்டுமே தெரியும். நரை கலந்த கிருதா, தெளிவான காது, சவரம் செய்த கன்னம். வழியில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத முகம்.

"வெயில்ல வந்திருக்கீய. காப்பி குடிப்பியளா?"

மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்று சொல்லத்தான் வந்திருந்தான். சேதுபதி எழுந்தான். நாற்காலியைத் தூக்கினான். கட்டிலைச் சுற்றிப் போய் அவருடைய இடப்பக்கத்தில், ஜன்னல் ஓரமாக வைத்தான். சிமென்ட் தரையில் இரும்பு கிரீச்சிட்டது.

ஞானதுரை இரண்டு உள்ளங்கைகளையும் கட்டிலில் ஊன்றி, காலைச் சேர்த்து, இருந்த இடத்திலேயே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தார், வலது கன்னம் அவன் பக்கம் வரும்வரை.